பச்சை எனாமல் பூசிய மர பீரோவுக்குத் தேய்ந்த பழைய தோற்றம் கொடுப்பது எப்படி?

பாட்டி வீட்டிலிருந்து வந்த இரண்டு கதவு மர பீரோ ஒன்று இருக்கிறது, வேப்ப மரம் என்று வீட்டில் சொல்கிறார்கள், 1980களில் யாரோ அதற்குப் பளபளக்கும் பச்சை எனாமல் அடித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்மேல் வெளிறிய வெள்ளை பூசி, விளிம்புகளில் அடியிலுள்ள பச்சை எட்டிப் பார்க்கும்படி உப்புத்தாளால் தேய்த்து, பல தலைமுறை புழங்கிய சாமான் போன்ற தோற்றத்தைக் கொண்டுவர முடியுமா, அதற்கு எந்தப் பெயிண்ட் ஏற்றது என்பது உங்கள் கேள்வி. முடியும், நன்றாகவே வரும். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் முறையில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும்: அந்தப் பழைய பச்சையை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் முறை முழுவதும் அந்தக் காரணத்தை ஒட்டியே அமைகிறது.

பழைய எனாமல் பெயிண்ட்களில் நிறத்துக்காகவும் விரைவாக உலர்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலந்துவந்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மம் மிகப் பரவலாகப் பயன்பட்டது. அந்த மஞ்சளோடு நீலத்தைச் சேர்த்துத்தான் பல பச்சைகளும் தயாராயின. ஆகவே பழைய பச்சை எனாமல் என்றாலே ஈயம் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டு நடப்பதுதான் அறிவுடைமை. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தை 1978-இல் தடை செய்தார்கள். இந்தியாவில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் பீரோவின் பெயிண்ட் அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு முற்பட்டது. உலர்ந்த நிலையில் அதைத் தேய்த்தால் எழும் மென்தூள் தரையிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கிறது. இந்த அளவு வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்க வாய்ப்பிருந்தால் சோதியுங்கள். வாய்ப்பில்லை என்றால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அந்தப் பூச்சைத் தூளாக்காமல் அதன் இடத்திலேயே மூடிவிடுங்கள். புளோ லாம்ப் வைத்துச் சூடுகாட்டி உரித்துத் தருகிறேன் என்று பெயிண்டர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டில் ஈயப் புகை எழும். அடியிலிருந்து தெரியவேண்டிய பச்சையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய பச்சையை மூடிய பிறகு, அதே சாயலில் ஈயமில்லாத புதுப் பச்சையை ஒரு அடுக்காகப் பூசி, அதன்மேல் வெள்ளையை ஏற்றி, தேய்ப்பதை அந்தப் புதுப் பச்சையோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு பச்சைக்கும் வேறுபாடு தெரியாது. உங்களுக்கோ எந்த நிறம் எங்கே வெளிப்பட வேண்டும் என்ற கட்டுப்பாடும் கைக்கு வரும். ஈயத்தைப் பற்றிய அச்சமே இல்லாத சாமான்களிலும் இந்த முறையைத்தான் நான் விரும்புகிறேன்.

வேலையைத் தொடங்குமுன், இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது பார்ப்பது பயன்படும். ஸ்வீடனில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் ஆண்ட 1771 முதல் 1792 வரையிலான காலத்தில், பிரெஞ்சு அரண்மனைச் சாமான்களின் வடிவத்தைத் தங்கள் நாட்டு பைன், பிர்ச் மரங்களில் செய்து, வெளிர் சாம்பல், வெள்ளை, மங்கிய நீலம் ஆகிய நிறங்களைப் பூசினார்கள். நீண்ட குளிர்கால இருட்டில் அறைக்கு வெளிச்சம் கூட்டும் நிறங்கள் அவை. அந்தச் சாமான்கள் இருநூறு ஆண்டு புழங்கி, கை படும் இடங்களில் பூச்சு தேய்ந்து மரம் தெரிந்த நிலையில்தான் பிற்காலத்தவர் அவற்றின் அழகைக் கொண்டாடினார்கள். இங்கிலாந்தில் பிறந்த ரேச்சல் ஆஷ்வெல் 1989-இல் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஷாபி சிக், அதாவது நைந்த அழகு, என்ற பெயரில் கடை திறந்து, பழைய பொருள் சந்தைகளில் கிடைத்த வெள்ளை பூசிய சாமான்களை விற்கத் தொடங்கிய பிறகு அந்தப் பெயர் ஒரு பாணியின் பெயராகவே ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு, 1990-இல், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் தம் சாக் பெயிண்ட்டை அறிமுகப்படுத்தினார். பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு போல உலர்ந்து, எளிதில் தேய்ந்துகொடுக்கும் அந்தப் பூச்சு வந்த பின்தான், தச்சுப் பழக்கம் இல்லாதவர்களும் வீட்டிலேயே இதைச் செய்யத் தொடங்கினார்கள்.

முதலில் கவர்ந்தவை உண்மையாகவே தேய்ந்த சாமான்கள். தேய்க்கும் கலை அதற்குப் பின் வந்தது. நாம் செய்வது ஒரு போலச்செய்தல் என்பதால், உண்மையான தேய்வு எப்படி நடக்கிறது என்று கவனித்தவர்களின் வேலை நம்பும்படி இருக்கிறது. கவனிக்காதவர்கள் எல்லா விளிம்புகளையும் ஒரே அளவில் தேய்த்து, சுற்றிலும் பழுப்புக் கோடு இழுத்ததுபோல் ஆக்கிவிடுகிறார்கள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பீரோவில் நீங்கள் உண்டாக்கும் ஒவ்வொரு தேய்வுக்கும் ஒரு கையோ காலோ துடைப்பமோ வெயிலோ காரணமாக இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாத இடத்தில் தேய்க்காதீர்கள்.

உங்கள் பீரோவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கதவு பீரோவில் சாவித்துளை உள்ள கதவுதான் நாள்தோறும் திறக்கப்படுகிறது. மற்றது உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி நிற்கும். ஆகவே முதல் கதவின் விளிம்பில், நெஞ்சு உயரத்தில், விரல்கள் பிடித்து இழுக்கும் ஒரு சாண் நீளத்துக்குப் பூச்சு நன்றாகத் தேய்ந்திருக்கும். அங்கிருந்து மேலும் கீழும் போகப்போகத் தேய்வு மெல்ல மறையும். இரண்டாம் கதவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. சாவித்துளைக்குக் கீழே, பூட்டில் தொங்கிய சாவிக்கொத்து ஆடி ஆடி உரசிய பிறை வடிவக் கீறல்கள் இருக்கும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்பேன், ஏனெனில் எந்தத் தொழிற்சாலையும் இதைச் செய்வதில்லை. பழைய பீரோவோடு வளர்ந்தவர்கள் மட்டுமே இதை உடனே அடையாளம் காண்பார்கள். மேல் விளிம்பில், பெட்டிகளை ஏற்றி இறக்கும்போது முன்பக்கமாக இழுத்த கீறல்கள் குறுக்கு வாட்டில் விழுந்திருக்கும். கால்களின் அடிப்பகுதியில், ஈரத்துணி போட்டுத் துடைத்துத் துடைத்து நான்கு விரல் உயரத்துக்குப் பூச்சு உரிந்து, மரம் கறுத்திருக்கும். சுவரைப் பார்த்த பின்புறமும், இன்னொரு சாமானை ஒட்டி நின்ற பக்கமும் அப்படியே புதிதாக இருக்கும். கதவின் நடுப்பலகைகளை யாரும் தொடுவதில்லை, அவற்றை விட்டுவிடுங்கள். கதவில் கண்ணாடி பதித்திருந்தால் அதைச் சுற்றியுள்ள சட்டத்தில் எண்ணெய்க் கை பட்ட மங்கலும், யாரோ ஒட்டி எடுத்த ஸ்டிக்கர் பொட்டின் வட்டமும்கூட இருக்கும்.

மற்றச் சாமான்களிலும் இப்படித்தான். நாற்காலியில் கைப்பிடிகளின் முன்முனையும், குதிகால் ஊன்றும் முன்குறுக்குச் சட்டமும், தூக்கி நகர்த்தும்போது பிடிக்கும் முதுகுச் சட்டமும் தேயும். மேசையில் உட்காருபவர் பக்கத்து விளிம்பு தேயும். இழுப்பறையில் குமிழைச் சுற்றி நகம் பட்ட இடம் தேயும். காரைக்குடிக்குப் போகும் வாய்ப்பு இருந்தால், முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த கதவுகளையும் பெட்டிகளையும் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலாலும் தடவிப் பாருங்கள். தேய்ந்த விளிம்பு கூர்மையாக இருப்பதில்லை, உருண்டு வழுவழுப்பாக இருக்கும் என்பது அப்போது கைக்குப் புரியும். போலித் தேய்வைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்: பெயிண்ட் போயிருக்கும், ஆனால் மர விளிம்போ ரம்பத்தில் நேற்று அறுத்ததுபோலக் கூர்மையாக நிற்கும். புது மரத்தில் செய்பவர்கள் பெயிண்ட் பூசுவதற்கு முன்பே, தேய்வு வரவேண்டிய விளிம்புகளை மட்டும் 80 எண் உப்புத்தாளால் உருட்டிவிட வேண்டும். உங்கள் பீரோவுக்கு அந்த வேலை இல்லை. காலம் ஏற்கெனவே உருட்டி வைத்திருக்கும். ஆகவே ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, விரலுக்கு எங்கெங்கே விளிம்பு உருண்டிருக்கிறதோ அங்கே குறியிட்டு, ஒரு நிழற்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கான வரைபடத்தை உங்கள் பாட்டியின் வீட்டார் கைகளே வரைந்து வைத்திருக்கின்றன.

இனி வேலை. முதலில் பழைய பூச்சு மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் பூச்சு செதிலாகக் கழன்று வந்தால், மூடுவது மட்டும் போதாது; அந்த இடங்களைத் தண்ணீரால் நனைத்து, நனைந்த நிலையிலேயே சுரண்டி எடுத்து, செதில்களை ஈரக் காகிதத்தில் சுருட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். இதைச் செய்யும்போது கையுறையும் என் 95 அல்லது அதைவிட உயர்ந்த முகக்கவசமும் அணியுங்கள், துணி முகக்கவசம் போதாது. குழந்தைகளும் கருவுற்றவர்களும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பூச்சு பெரும்பகுதி கழலும் நிலையில் இருந்தால் வீட்டில் செய்யும் எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

பூச்சு உறுதியாக இருந்தால், வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்து, பீரோவை மேலிருந்து கீழாகக் கழுவித் துடையுங்கள். நாற்பது ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கும் போகும். காரத்தன்மை எனாமலின் பளபளப்பையும் சிறிது குறைத்து, அடுத்த பூச்சு பற்றிக்கொள்ள உதவும். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். இந்த இடைவெளியில் பீரோவின் அடியில் கறுப்புக் காகிதம் ஒன்றை விரித்து வையுங்கள். வெளிறிய மாவுபோன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் மரத்தில் வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள்; அதற்கு மருந்து வைத்துத் தீர்க்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண். ஆடும் கீல்களையும் கழன்ற மூட்டுகளையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். தேய்ந்த தோற்றம் வேறு, பழுதடைந்த நிலை வேறு. கதவு சாத்தாத பீரோவை யாரும் அழகு என்று சொல்வதில்லை.

அடுத்தது மூடும் பூச்சு. இதற்கு அரக்கைவிடச் சிறந்த பொருள் எனக்குத் தெரியாது. நம் நாட்டிலேயே, ஜார்க்கண்ட் போன்ற பகுதிகளில் பலாசு, குசும் மரங்களில் வாழும் அரக்குப் பூச்சியிலிருந்து கிடைப்பது அது. தச்சர்கள் பாலிஷுக்குப் பயன்படுத்தும் அரக்குச் செதில்களை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு ஏறக்குறைய 200 கிராம் என்ற அளவில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மெல்லிய இரண்டு கோட் கொடுங்கள். வழவழப்பான எனாமல்மீதும் அது நன்றாகப் பிடிக்கும். மெழுகு நீக்கிய அரக்காக இருந்தால் அதன்மீது பிற பெயிண்ட்களும் நன்றாகப் பிடிக்கும். மரச்சாறு மேலே கசிந்து வெள்ளையில் மஞ்சள் கறையாக வருவதையும் தடுக்கும். வெள்ளை பூசிய தேக்கு, ஈட்டிச் சாமான்களில் ஒரு மாதத்துக்குப் பின் தோன்றும் கறைகளைப் பார்த்துப் பெயிண்ட்டைக் குறை சொல்பவர்கள் பலர் உண்டு. குறை பெரும்பாலும் இந்த இடைப்பூச்சு இல்லாததுதான். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பும் பூஜை விளக்கும் எரியும் இடத்தில் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

நிற அடுக்குகள் மூன்று: அடியில் மரப் பழுப்பு, இடையில் பச்சை, மேலே வெள்ளை. பழுப்பை பீரோ முழுவதும் பூச வேண்டியதில்லை. சாக்குக்கட்டியால் குறித்த இடங்களிலும் கால்களின் அடியிலும் மட்டும், வேப்ப மரத்தின் செம்பழுப்புக்கு நெருங்கிய ஒரு நிறத்தை இரண்டு கோட் கொடுத்தால் போதும். பச்சைக்கு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்டில், சற்றே கடினமாக உலரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். பச்சையையே வைத்துக்கொள்ளுமாறு நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வெள்ளைக்கு அடியில் இளஞ்சிவப்போ லாவெண்டரோ பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளின் பழைய சாமான்களில் உண்மையாக இருந்தவை இலைப் பச்சையும், வான நீலமும், கிரீமும், காவியும்தான். இங்கே வாழ்ந்த ஒரு பீரோவுக்கு இங்குள்ள நினைவு பொருந்துகிறது.

மேல்பூச்சான வெள்ளைக்குச் சாக் பெயிண்ட் பொருத்தம். ஆயத்தமாகவும் கிடைக்கிறது, வீட்டிலும் கலக்கலாம். மேட் வகை, அதாவது பளபளப்பில்லாத, அக்ரிலிக் எமல்ஷன் என்ற சுவர்ப் பெயிண்ட் மூன்று பங்கு, கால்சியம் கார்பனேட் தூள் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டு, தூளை முதலில் சிறிது தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, அந்தக் குழம்பை எமல்ஷனில் சேருங்கள். பலர் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைச் சேர்க்கச் சொல்வார்கள். அதுவும் நடக்கும், ஆனால் அது தண்ணீர் பட்டதும் இறுகத் தொடங்கும் பொருள் என்பதால் கலவை கொஞ்ச நேரத்தில் கெட்டியாகிவிடும். வெறும் எமல்ஷனை ஏன் பூசக் கூடாது என்றால், அது ரப்பர் படலம்போல உலர்வதால் தேய்க்கும்போது தூளாக உதிராமல் சுருண்டு உரியும். விளிம்பு கிழிந்ததுபோல் இருக்கும். எனாமல் பூசினால் அது முழுதாக இறுகப் பல வாரம் ஆகும். அதற்குமுன் தேய்த்தால் உப்புத்தாளில் அப்பிக்கொள்ளும். தூள் கலந்த பூச்சு மட்டுமே காலம் தேய்ப்பதுபோல் மெல்ல மெல்ல மெலிந்து, அடி நிறத்தோடு கரைந்து முடியும். அடியில் கடினமான பச்சை, மேலே மென்மையான வெள்ளை என்ற அமைப்பினால், ஈரத்துணியே வெள்ளையை எடுத்துவிடும். பச்சை அசையாது நிற்கும்.

பூசும் வரிசையில் மெழுகுவத்திக்கு முக்கியமான பங்கு இருக்கிறது. பழுப்பு உலர்ந்ததும், மரமே தெரியவேண்டிய மிகச் சில இடங்களில், அதாவது கைபடும் விளிம்பின் நடுவிலும் காலின் அடியிலும், வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பச்சையைப் பூசுங்கள். பச்சை ஓரிரவு உலர்ந்ததும், அந்த இடங்களைச் சூழ்ந்து சற்று அகலமாக மறுபடி மெழுகு தேய்த்து, பிறகு வெள்ளையை இரண்டு கோட் கொடுங்கள். முதல் கோட் கைக்கு ஒட்டாத அளவு உலர்ந்த பின்பே அடுத்தது. மெழுகின்மேல் பெயிண்ட் பிடிக்காது. மறுநாள் பட்டி போடும் தகட்டின் மழுங்கிய முனையால் மெல்ல நெம்பினால் அந்த இடங்களில் மட்டும் பூச்சு செதிலாகக் கழன்று வரும். வெள்ளைக்குள் பச்சை, பச்சைக்குள் பழுப்பு என்று தீவுக்குள் தீவாகத் தெரியும் அந்தத் தோற்றத்தை உப்புத்தாளால் மட்டும் கொண்டுவர முடியாது. இந்த முறையில் ஆழமாகத் தேய்க்கத் தேவையே இல்லாததால் அடியில் மூடிக் கிடக்கும் பழைய எனாமலுக்கும் தொந்தரவு இல்லை.

செதில்களின் ஓரம் கூர்மையாக நிற்கும். அதை மென்மையாக்கத்தான் தேய்ப்பு. வெள்ளை மட்டும் மெலிய வேண்டிய இடங்களில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கை இயல்பாகப் போகும் திசையிலேயே தடவுங்கள். இன்னும் சற்று வேண்டும் என்றால் 320 எண் வாட்டர் பேப்பரை நனைத்துப் பயன்படுத்துங்கள். பழுப்புக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். அருகில் நிற்கும்போது போதாததுபோல் தோன்றும். தள்ளி நின்றால்தான் அளவு மீறியது தெரியும். ஐயம் வந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு கூட்டிக்கொள்வது எளிது, குறைப்பதற்கு மறுபடி பூச வேண்டும். சாவிக்கொத்தின் பிறைக் கீறல்களுக்கு, உண்மையான ஒரு சாவிக்கொத்தையே சாவித்துளையில் தொங்கவிட்டு ஆட்டுங்கள். வேறு எந்தக் கருவியும் அதைப்போல் செய்யாது.

பூச்சில் வெடிப்பு உண்டாக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெள்ளை மரப்பசையை ஒரு பூச்சாகத் தடவி, அது முழுதும் உலராமல் விரலில் ஒட்டும் நிலையில் இருக்கும்போது மேல் பெயிண்ட்டை ஒரே இழுப்பாகப் பூசினால், உலரும்போது பெயிண்ட் சுருங்கி வெடிக்கும். பசை தடிமனாக இருந்தால் வெடிப்பு பெரிதாகும். பூசிய இடத்தில் பிரஷ் இரண்டாம் முறை போனால் வெடிப்பு அழிந்துவிடும். முறை எளிதுதான். ஆயினும் உங்கள் பீரோவில் நான் அதைச் செய்ய மாட்டேன். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் கதவுகளிலும் சன்னல்களிலும்தான் பூச்சு அப்படி வெடிக்கும். படுக்கையறையில் நின்ற பீரோவுக்கு அதற்கான காரணம் கிடையாது.

எஞ்சியிருப்பது அழுக்கு. தேய்வு மேடுகளில் நடக்கிறது, அழுக்கு பள்ளங்களில் தங்குகிறது. இந்த இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பழமை முழுமையாகும். கதவுச் சட்டமும் பலகையும் சேரும் மூலைகள், பீடிங் கட்டையின் அடி, கைப்பிடித் தகட்டின் ஓரம் ஆகியவை அழுக்குக்கு உரிய இடங்கள். இதற்குக் கறுப்பைப் பயன்படுத்தாதீர்கள். ரா அம்பர் என்ற, பச்சை கலந்த பழுப்பு நிறமே தூசியின் நிறத்துக்கு அருகில் வருகிறது. தொடக்க காலத்தில் ஓர் எழுதுமேசையின் சாக் பெயிண்ட்மீது நேரடியாகவே நிற மெழுகைத் தடவி, மேற்பரப்பு முழுவதும் திட்டுத்திட்டாகக் கறை பிடித்து, திரும்ப இரண்டு கோட் பூசவேண்டிய நிலைக்கு வந்தேன். தூள் கலந்த பூச்சு தாகத்தோடு இருக்கும் மண்போல; முதலில் பட்டதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நிறமற்ற ஒரு காப்புப் பூச்சை முதலில் கொடுத்துவிட்டு, அதன்பிறகே அழுக்கு நிறத்தைத் தடவித் துடைத்தெடுக்க வேண்டும்.

காப்புப் பூச்சு எது என்பதில் வெளிநாட்டு வழிகாட்டிகளோடு நான் சற்று மாறுபடுகிறேன். அவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மெழுகையே சொல்வார்கள். மெழுகின் மென்மையான ஒளி அழகானதுதான். ஆனால் தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகை செல்சியஸில். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். கத்திரி வெயில் காலத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் மெழுகு பூசிய சாமான் கைக்குப் பிசுபிசுக்கும், தூசியை இழுத்துக்கொள்ளும். ஒருவகைப் பனையின் இலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் அது கலந்த மெழுகு பரவாயில்லை. இருந்தாலும் நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும், தண்ணீரில் கரையும் மேட் வகை பாலியூரிதேன் என்ற நிறமற்ற வார்னிஷே ஏற்றது. எண்ணெய் வகை பாலியூரிதேன் நாளடைவில் மஞ்சளாகி வெள்ளையைக் கெடுத்துவிடும். பூசுமுன், எங்கெல்லாம் மெழுகுவத்தி தேய்த்தீர்களோ அங்கெல்லாம் டர்பென்டைன் நனைத்த துணியால் மிச்ச மெழுகைத் துடைத்தெடுங்கள். மெழுகின்மேல் பாலியூரிதேன் பிடிக்காது. மெல்லியதாக ஒரு கோட் கொடுத்து உலரவிட்டு, தண்ணீரில் நெகிழ்த்திய அம்பர் நிறத்தைப் பள்ளங்களில் தடவி, உடனே மேடுகளைத் துடைத்து, அது உலர்ந்ததும் இன்னொரு கோட் பூசி முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரட்டிப்பு நேரம் கொடுங்கள்.

கைப்பிடியும் சாவித்துளைத் தகடும் பித்தளை என்றால், வேலையைத் தொடங்கும்போதே கழற்றி வைத்துவிடுங்கள். அவற்றைப் புளி போட்டுத் துலக்க வேண்டாம். கறுத்த பித்தளை வெள்ளைக் கதவில் மிக நன்றாக இருக்கும். உடைந்துபோய்ப் புதிதாக வாங்க நேர்ந்தால், புதியதன்மேல் உள்ள அரக்குப் படலத்தை அசிட்டோனால் துடைத்தெடுத்து, வினிகரில் உப்புக் கரைத்து நனைத்த துணியில் ஓரிரவு சுற்றி வைத்தால் நிறம் மங்கும். பளபளக்கும் புது ஸ்டீல் குமிழ் ஒன்றை வைத்தால் இத்தனை நாள் செய்த வேலையும் கெட்டுவிடும்.

இதே முறையை வீட்டிலுள்ள மற்றச் சாமான்களுக்கும் செய்யும் ஆசை உங்களுக்கு வரக்கூடும் என்பதால் ஒன்றிரண்டு சொல்ல வேண்டியிருக்கிறது. பர்மா தேக்கிலோ ஈட்டியிலோ செய்து பாலிஷ் மட்டும் போட்ட பழைய சாமான்களில் பெயிண்ட்டை வைக்காதீர்கள். அவற்றின் மேற்பரப்பே நூறாண்டு உழைப்பு, அதை மூடிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். பிளைவுட்டிலும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலும் செய்யலாம், ஆனால் தேய்த்தால் அடியில் மரம் தெரியாது, தூளும் நாரும்தான் தெரியும்; அங்கே பழுப்பு அடுக்கு கட்டாயம். இப்படிச் செய்த ஒன்றை விற்க நேர்ந்தால், தேய்வு செய்யப்பட்டது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். பழமைக்கு விலை கொடுக்கிறவர் எதற்குக் கொடுக்கிறார் என்று அறிந்து கொடுக்க வேண்டும்.

பீரோவின் உட்புறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கும் அந்தப் பச்சை இருக்கிறது என்றால் அதற்கும் அரக்கு இரண்டு கோட்டும் மேட் பாலியூரிதேன் இரண்டு கோட்டும் அவசியம். அரக்கில் இயல்பாகவே சிறிது மெழுகு உண்டு, அது பாலியூரிதேனைப் பிடிக்கவிடாது என்பதால், உட்புறத்துக்கும் மெழுகு நீக்கிய அரக்கையே வாங்குங்கள். உள்ளே தேய்வும் வேண்டாம், நிற மெழுகும் வேண்டாம், புடவையில் ஏறும். கடைசிக் கோட் முடிந்த பிறகு மூன்று வாரம் கதவுகளைத் திறந்தே வைத்திருங்கள். வாசனை முற்றிலும் போனதும் தட்டுகளில் பழைய பருத்தித் துணியை விரித்து, பட்டுப் புடவைகளை அதன்மேல் அடுக்கலாம்.